வாத்து வேட்டைக்கு எந்தத் தோட்டா? ஷாட்கன் தோட்டா தேர்வுக்கு முழுமையான வழிகாட்டி

ரவைகள் இறகில் படும் சத்தம் தூரத்திலிருந்தே கேட்கும். காய்ந்த பனையோலை மீது ஒரு கைப்பிடி மணலை வீசினால் எப்படிக் கேட்குமோ, அப்படி. என்னுடைய இரண்டாவது சீசனில், கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ பள்ளத்தாக்கில், அறுப்பு முடிந்து தண்ணீர் கட்டியிருந்த ஒரு நெல்வயலின் வரப்பில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன். சுட்டது ஒரு வெண்ணெற்றிப் பெருவாத்தை. பறவை ஒரு கணம் குலுங்கியது, விழவில்லை. அடுத்தடுத்த வரப்புகளைத் தாண்டி, கோரைப் புதருக்கு அப்பால் தாழப் பறந்து மறைந்தது. வெளிச்சம் போகும்வரை தேடினேன். கிடைக்கவில்லை.

துப்பாக்கியில் இருந்தது சின்ன வாத்துகளுக்கு உரிய 4-ஆம் நம்பர் ஸ்டீல் ரவை. பறவை ஐம்பது கஜத்துக்கு அப்பால் இருந்தது. குறி சரியாகத்தான் இருந்தது, ரவையும் பட்டது. ஆனால் அந்த ரவைக்கு அந்தத் தூரத்தில் அவ்வளவு பெரிய உடம்புக்குள் இறங்கும் வலு இல்லை. அந்தப் பறவை எங்கோ ஒரு வாய்க்கால் ஓரத்தில் இரண்டு மூன்று நாள் கிடந்து செத்திருக்கும். அதற்குப் பிறகுதான் தோட்டாவைப் பற்றி முறையாகப் படிக்கவும், காகிதத்தில் சுட்டுப் பார்க்கவும் தொடங்கினேன். அதில் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

தமிழில் டக், கூஸ் இரண்டையுமே வாத்து என்று சொல்லிவிடுகிறோம். தோட்டா தேர்வில் இந்த இரண்டும் வேறு வேறு உலகம். அதனால் கூஸை இந்தக் கட்டுரையில் பெருவாத்து என்றே எழுதுகிறேன். ஷாட்கன் தோட்டாவுக்குள் இருக்கும் சின்ன உருண்டைகளை ரவை என்கிறேன். ஊரில் சிலர் பால்ரஸ் என்பார்கள்.

முதலில் சட்டம்

இது அமெரிக்காவில் உரிமம் எடுத்து வேட்டையாடுபவர்களுக்கான வழிகாட்டி. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவைகளை வேட்டையாடுவது குற்றம். வேடந்தாங்கல் என்ற பெயருக்கே வேடர்கள் தங்கும் இடம் என்று பொருள், இன்று அங்கே ஒரு பறவைமீதும் கை வைக்க முடியாது. அங்கே குளிர்காலத்தில் வந்து இறங்கும் ஊசிவால் வாத்தும் சாக்ரமென்டோ நெல்வயலுக்கு வரும் ஊசிவால் வாத்தும் ஒரே இனம்தான். ஒரு நாட்டில் சீசன் வைத்து, ஒரு நாளைக்கு இத்தனை என்று எண்ணி அனுமதிக்கிறார்கள். இன்னொரு நாட்டில் முழுக்கக் காக்கிறார்கள். இருக்கிற நாட்டின் சட்டத்தை மதிப்பதுதான் முதல் படி.

ஹெச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அமெரிக்க மத்திய சட்டப்படி, குடியேற்ற விசா அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாகூட வைத்திருக்கக் கூடாது. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. ஆகவே வேட்டைக் கல்வி வகுப்பு, உரிமம், அப்புறம்தான் தோட்டாக் கடை. சந்தேகம் இருந்தால் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். விசாவோடு விளையாட வேண்டாம்.

தோட்டா சம்பந்தமான விதிகளில் நான்கு முக்கியம். ஈய ரவை கூடாது, அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குத் துறை அங்கீகரித்த நச்சில்லா ரவை மட்டும்தான். துப்பாக்கியின் குழல் அகலம் 10 கேஜைவிடப் பெரியதாக இருக்கக் கூடாது (கேஜ் கணக்கைக் கீழே சொல்கிறேன்). துப்பாக்கிக்குள் ஒரே சமயத்தில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்பு போட்டிருக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் பொது வேட்டைத் தளங்கள் பலவற்றில் வயலுக்குள் 25 தோட்டாவுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. எண்ணிக்கை குறைவாக இருந்தால் எட்டாத பறவையைப் பார்த்துக் கை பரபரக்காது.

ஈயம் ஏன் கூடாது என்பதைப் புரிந்துகொண்டால் விதி பாரமாகத் தெரியாது. வாத்துக்குப் பல் இல்லை. சேற்றிலிருந்து சின்னக் கற்களைப் பொறுக்கி விழுங்கி, அரைவைப்பையில் வைத்துத் தானியத்தை அரைக்கிறது. வேட்டைக்காரர்கள் பல தலைமுறையாகச் சுட்ட ஈய ரவை குளத்தின் அடியில் கற்களோடு கற்களாகக் கிடந்தது, அதையும் விழுங்கியது. அரைவைப்பை அதைத் தேய்க்கத் தேய்க்க ஈயம் அமிலத்தில் கரைந்து ரத்தத்தில் ஏறும். ஒன்றிரண்டு ரவையே ஒரு வாத்தைக் கொன்றுவிடும். ஒவ்வோர் ஆண்டும் வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று இப்படிச் சாகின்றன என்று ஃபிராங்க் பெல்ரோஸ் என்ற ஆய்வாளர் 1959-இல் கணக்கிட்டார். விஷம் ஏறிய வாத்தைத் தின்ற வெண்தலைக் கழுகுகளும் செத்தன. படிப்படியாகக் கட்டுப்பாடு கொண்டுவந்து, 1991-இல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் தடை செய்யப்பட்டது. கலிஃபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போய், 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயத் தோட்டா கூடாது என்று ஆக்கிவிட்டது.

வாத்து வேட்டையின்போது ஈயத் தோட்டா சட்டைப்பையில் இருந்தாலே குற்றம், சுட வேண்டும் என்றில்லை. பயிற்சிக்காகக் காற்றில் வீசும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுடப் போன அதே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வேட்டைக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு பையையும் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போங்கள்.

பெட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பது

தோட்டாப் பெட்டியின் மூடியில் ஐந்து விஷயம் இருக்கும்: கேஜ், நீளம், ரவையின் எடை, ரவை நம்பர், வேகம். உதாரணத்துக்கு: 12 கேஜ், 3 அங்குலம், 1¼ அவுன்ஸ், 2-ஆம் நம்பர், வினாடிக்கு 1,450 அடி.

கேஜ் என்பது குழலின் அகலம். குழலுக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டு எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ, அதுதான் கேஜ். அதனால் எண் சிறியதானால் குழல் பெரியது. 12 கேஜ் குழல் சுமார் 18.5 மில்லிமீட்டர், 20 கேஜ் சுமார் 15.6. வாத்துக்கு 12 கேஜ்தான் பெரும்பாலானவர்கள் கையில் இருக்கும். தோட்டா வகைகள் அதற்குத்தான் அதிகம், விலையும் கட்டுப்படியாகும். ஒல்லியான தோள் உள்ளவர்களுக்கும் பதின்வயதினருக்கும் 20 கேஜ் நல்ல துணை. தூரத்தைக் குறைத்துக்கொண்டால் போதும்.

நீளம் மூன்று வகை: இரண்டே முக்கால், மூன்று, மூன்றரை அங்குலம். துப்பாக்கிக் குழலின் பக்கவாட்டில் அது ஏற்கும் நீளம் பொறித்திருக்கும். ஆபத்து இங்கேதான். தோட்டாவின் மேல் போட்டிருப்பது சுட்டு, மடிப்பு விரிந்த பிறகு வரும் நீளம். அதனால் சுடாத மூன்று அங்குலத் தோட்டா, இரண்டே முக்கால் அங்குல அறைக்குள், அதாவது குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் இடத்துக்குள், சிக்கலில்லாமல் நுழைந்துவிடும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். உள்ளே போய்விட்டதே, சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். குழலில் உள்ள பொறிப்பு மட்டும்தான் சாட்சி.

எந்த நீளம் வாங்குவது? என் தீர்ப்பு: மூன்று அங்குலம். வாத்துக்கும் பெருவாத்துக்கும் சேர்த்து அது போதும். மூன்றரையில் ரவை கூடுதலாகப் போகும், உண்மைதான். ஆனால் தோளில் விழும் உதை கடுமை. நான்கு முறை வாங்கிய பிறகு, விசையை அழுத்துவதற்கு முன்பே உடம்பு தானாகக் கூசிக் கண்ணை மூடிக்கொள்ளும். அந்தக் கூச்சம் வந்துவிட்டால் எத்தனை ரவை இருந்தும் பயனில்லை. கிட்டத்தில் இறங்கும் சின்ன வாத்துகளுக்கு இரண்டே முக்காலே தாராளம்.

ரவையின் எடையை அவுன்ஸில் போடுவார்கள். ஓர் அவுன்ஸ் சுமார் 28 கிராம். 1⅛ என்று பார்த்தால் மலைக்க வேண்டாம், நம் பழைய வாய்பாட்டில் ஒன்றே அரைக்கால். 1¼ ஒன்றேகால்.

ரவை நம்பர்தான் பலரையும் குழப்புவது. எண் ஏற ஏற ரவை சிறுக்கும். ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 17-லிருந்து நம்பரைக் கழியுங்கள். வருவது, ஓர் அங்குலத்தை நூறாகப் பிரித்தால் அதில் எத்தனை பங்கு என்ற விட்டம். 4-ஆம் நம்பர் என்றால் 17-இல் 4 போனால் 13, அதாவது 0.13 அங்குலம், 3.3 மில்லிமீட்டர். 2-ஆம் நம்பர் 0.15. 1-ஆம் நம்பருக்கு மேல் எண் தீர்ந்து எழுத்து வந்துவிடும்: பிபி 0.18, பிபிபி 0.19, டி 0.20. கண்ணால் பார்க்க வேண்டுமானால், 6-ஆம் நம்பர் ஒரு கடுகைவிடக் கொஞ்சம் பெரியது, பிபி ஒரு நல்ல மிளகு.

எந்த உலோகம்?

ரவையின் வலு அதன் எடையிலிருந்து வருகிறது. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் சுமார் 11 கிராம். ஸ்டீல் 7.8. பிஸ்மத் 9.6 அளவில். டங்ஸ்டன் கலவைகள் 12-இல் தொடங்கி, டி.எஸ்.எஸ். எனப்படும் வகையில் 18 வரை போகும். ஒரே பருமன் உள்ள ஈய ரவையோடு ஒப்பிட்டால் ஸ்டீல் ரவை முக்கால் எடைகூட இல்லை. காற்றில் சீக்கிரம் சோர்ந்துவிடும். இதை ஈடுகட்ட, ஈயத்தில் பயன்படுத்திய நம்பரிலிருந்து இரண்டு நம்பர் பெரிதாகப் போக வேண்டும் என்பது வேட்டைக்காரர்களின் வழக்கு. ஈயத்தில் 6 என்றால் ஸ்டீலில் 4. ஈயத்தில் 4 என்றால் ஸ்டீலில் 2.

ஸ்டீல் மலிவு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஸ்டீலிலேயே தொடங்குங்கள். ஒரு நன்மையும் இருக்கிறது: கெட்டி உலோகம் என்பதால் சுடும்போது நசுங்காது, உருண்டையாகவே வெளியே வந்து நேராகப் போகும். ஈயம் நசுங்கிச் சிதறும். அந்தக் கெட்டித்தனமே பழைய துப்பாக்கிகளுக்கு எமன். தாத்தா காலத்து மெல்லிய குழலில், மாற்ற முடியாத இறுக்கமான சோக்கில் (குழல் வாயைக் குறுக்கும் பகுதி) ஸ்டீலை விட்டால் குழல் வாய் வீங்கிப்போகும். பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகே சுடுங்கள்.

பிஸ்மத் ஈயத்துக்குக் கிட்டத்தட்ட பக்கத்தில் வரும் உலோகம், மென்மையானது. பழைய துப்பாக்கிக்கு ஏற்றது. தனியாக இருந்தால் உடையும் என்பதால் கொஞ்சம் வெள்ளீயம் கலக்கிறார்கள். விலை ஸ்டீலைப் போல இரண்டு மூன்று மடங்கு. டங்ஸ்டன் அதையும் தாண்டும். அது வேலை செய்யும் விதம் அழகானது: ரவை மிகச் சின்னதாக இருந்தும் எடை இருப்பதால் ஆழமாக இறங்கும், சின்னதாக இருப்பதால் ஒரே தோட்டாவில் பல நூறு அடங்கும். ஆனால் ஒரு தோட்டாவின் விலையில் ஸ்டீல் ஐந்தாறு வாங்கிவிடலாம். அந்தப் பணத்தில் பயிற்சிக்குச் சுடுவது மேல் என்பது என் எண்ணம். 20 கேஜ், 28 கேஜ் போன்ற சின்னத் துப்பாக்கியில் வேட்டையாடுகிறவர்களுக்கு மட்டும் இந்தச் செலவு நியாயம்.

பறவைக்கு ஏற்ற ரவை

இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். ஒவ்வொரு ரவையும் இறகு, கொழுப்பு, தசை எல்லாவற்றையும் தாண்டி உயிர்நிலை வரை இறங்க வேண்டும். அப்படிப்பட்ட ரவைகள் ஒன்றுக்கு மேல் பறவையின்மீது பட வேண்டும். பெரிய ரவை எடுத்தால் ஆழம் கிடைக்கும், எண்ணிக்கை குறையும். சின்ன ரவை எடுத்தால் வலை நெருக்கமாகும், ஆழம் போகும். இந்த இழுபறியில் நடு இடம் கண்டுபிடிப்பதுதான் முழுத் தேர்வும்.

ஓர் அவுன்ஸ் ஸ்டீலில் எத்தனை ரவை என்று பாருங்கள். 6-ஆம் நம்பரில் சுமார் 315. 4-இல் 190 சொச்சம். 2-இல் 125. பிபியில் 72. ஆகவே ஒன்றேகால் அவுன்ஸ் 2-ஆம் நம்பர் தோட்டாவில் 156 ரவை, அதே எடை பிபியில் 90 மட்டுமே.

கிளுவை இனத்து டீல் வாத்து முன்னூறு நானூறு கிராம்தான் இருக்கும். சின்ன இலக்கு, மெல்லிய உடம்பு. ஆழத்தைவிட நெருக்கம் முக்கியம். ஸ்டீலில் 4 அல்லது 6. மல்லார்டு, ஊசிவால் போன்ற பெரிய வாத்துகள் ஒரு கிலோ அளவில். அவற்றுக்கு 2 அல்லது 3, இருபது முப்பது கஜத்துக்குள் தலைக்கு மேல் இறங்கினால் 4-உம் போதும். வெண்ணெற்றி, பனிப் பெருவாத்துகள் இரண்டு இரண்டரைக் கிலோ. 1 அல்லது பிபி. கனடா பெருவாத்து நான்கைந்து கிலோவரை போகும். அடர்ந்த இறகு, அதற்கடியில் விரல் பருமனுக்குக் கொழுப்பு, அப்புறம் கெட்டியான நெஞ்சுத் தசை. பிபி அல்லது பிபிபி. அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

ஒரே தோட்டா வைத்து எல்லாப் பறவைக்கும் சமாளிக்க வேண்டுமா? மூன்று அங்குலம், ஒன்றேகால் அவுன்ஸ், 2-ஆம் நம்பர். டீலுக்கு அது கொஞ்சம் பெரிது, கனடா பெருவாத்துக்குக் கொஞ்சம் சிறிது. பெருவாத்து முப்பத்தைந்து கஜத்துக்குள் வந்தால் மட்டும் சுடுவது என்று உறுதி இருந்தால் 2-ஆம் நம்பர் காலை முழுவதும் கைகொடுக்கும். எனக்கு அந்த உறுதி முன்பு இல்லாமல் போனதால்தான் இப்போது இரண்டு வகை கொண்டுபோகிறேன். வலது பையில் 2, இடது பையில் பிபி. பை மாறாது. இருட்டில் விரலே தேடிக்கொள்ளும்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக. பெட்டிமேல் 1,550, 1,700 என்று பெரிய எழுத்தில் போட்டு விற்பார்கள். ஸ்டீல் ரவை நாற்பது கஜம் போவதற்குள் புறப்பட்ட வேகத்தில் கிட்டத்தட்டப் பாதியை இழந்துவிடும், வேகமாகக் கிளம்பியது இன்னும் வேகமாக இழக்கும். குழல் வாயில் 250 அடி வித்தியாசம் இருந்த இரண்டு தோட்டாவுக்கு நடுவே, நாற்பது கஜத்தில் நூறு அடி வித்தியாசம்கூட மிஞ்சாது. ரவையை ஒரு நம்பர் பெரிதாக்கினால் கிடைக்கும் ஆழம் வேகத்தைக் கூட்டிக் கிடைக்காது. 1,400-லிருந்து 1,500-க்குள் இருக்கும் தோட்டா போதும்.

காகிதத்தில் சுட்டுப் பார்ப்பது

இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம். முழுத் தேர்விலும் உங்கள் கைக்கு உண்மையான விடை கிடைக்கும் ஒரே இடம் இதுதான். ஒரே அச்சில் வார்த்த இரண்டு துப்பாக்கிகள்கூட ஒரே தோட்டாவை ஒரே மாதிரி விசிறுவதில்லை.

முதலில் சோக்கைப் பற்றி. குழல் வாயில் திருகிப் பொருத்தும் சின்னக் குழாய்தான் சோக். வாயை எவ்வளவு குறுக்குகிறதோ அவ்வளவு நெருக்கமாக ரவைக்கூட்டம் போகும். தோட்டக் குழாயின் வாயைக் கட்டை விரலால் அடைத்துத் தண்ணீர் பீய்ச்சுகிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. இம்ப்ரூவ்டு சிலிண்டர் திறந்தது, மாடிஃபைடு நடுத்தரம், ஃபுல் இறுக்கமானது. ஸ்டீல் நசுங்காமல் போவதால், ஈயத்துக்கு ஃபுல் செய்த வேலையை ஸ்டீலுக்கு மாடிஃபைடே செய்துவிடும். பெரிய ஸ்டீல் ரவையை ஃபுல் சோக்கில் விடாதீர்கள், சோக்கும் குழலும் கெடும். எந்த சோக்கில் ஸ்டீல் விடலாம் என்று பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும்.

இனி சோதனை. பார்சல் கட்டும் பழுப்புத் தாளில் நான்கு அடிக்கு நான்கு அடி வெட்டி, அட்டையில் ஒட்டி நிறுத்துங்கள். நடுவில் ஒரு புள்ளி. நாற்பது கஜம் அளந்து நில்லுங்கள். கிரிக்கெட் பிட்ச் 22 கஜம், இரண்டு பிட்ச்சை நீளவாக்கில் போட்டால் வருவதைவிடக் கொஞ்சம் கம்மி. ஸ்டீல் ரவை கெட்டியான பொருளில் பட்டால் திரும்பித் தெறிக்கும், கண்ணாடி போடாமல் சுடாதீர்கள். காதுக்கும் அடைப்பான். துப்பாக்கியை ஒரு மூட்டையின்மேல் தாங்கி, புள்ளியைக் குறிவைத்து ஒரே ஒரு தோட்டா. தாளை மாற்றுங்கள். ஒவ்வொரு வகைத் தோட்டாவுக்கும் குறைந்தது மூன்று தாள், முடிந்தால் ஐந்து. சுட்டதுமே தாளின் மூலையில் தோட்டா, சோக், தூரம் மூன்றையும் எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு எல்லாத் தாளும் ஒரே மாதிரி இருக்கும்.

வீட்டில் தாளைத் தரையில் விரித்து, ஓட்டைகள் அதிகம் மொய்த்திருக்கும் இடத்தை நடுவாக வைத்து, 15 அங்குலக் கயிற்றில் பேனாவைக் கட்டி வட்டம் போடுங்கள். முப்பது அங்குல வட்டம். உள்ளே இருக்கும் ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பேனாவால் தொட்டுத்தொட்டு எண்ணுங்கள். டாம் ராஸ்டர் என்ற தோட்டா ஆய்வாளர், ஸ்டீல் உட்பட நச்சில்லா ரவைகளைப் பல ஆண்டு சோதித்து அட்டவணை வகுத்திருக்கிறார். அதன் போக்கில், அந்த வட்டத்துக்குள் பெரிய வாத்துக்கு 85, 90 ரவை விழ வேண்டும். டீலுக்கு 135-க்கு மேல். பெரிய பெருவாத்துக்கு 50, 55 போதும், உடம்பு பெரியது என்பதால்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றேகால் அவுன்ஸ் 2-ஆம் நம்பரில் 156 ரவை. நூற்றுக்கு அறுபது வட்டத்துக்குள் விழுந்தால் 93. மல்லார்டுக்குச் சரி. அதே 2-ஆம் நம்பரில் ஒன்றே அரைக்கால் அவுன்ஸ் தோட்டா என்றால் மொத்தமே 140, அறுபது சதவீதம் 84. விளிம்பில் நிற்கிறது. அப்போது சோக்கை ஒரு படி இறுக்கலாம், அல்லது 3-ஆம் நம்பருக்கு மாறலாம், அல்லது தூரத்தை முப்பத்தைந்தாகக் குறைத்துக்கொள்ளலாம். ஒன்றேகால் அவுன்ஸ் பிபி 90 ரவை, அறுபத்தைந்து சதவீதம் விழுந்தால் 58. பெருவாத்துக்கு வண்டி ஓடும்.

எண்ணிக்கையோடு நிறுத்த வேண்டாம். ரவைகள் கோலப் புள்ளி மாதிரி சீராக விழாது. ஒரு பக்கம் மொய்க்கும், இன்னொரு பக்கம் வெறுமையாகக் கிடக்கும். தலை, கழுத்து, நெஞ்சு சேர்ந்த வாத்து உடம்பின் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி, வட்டத்துக்குள் அங்குமிங்கும் நகர்த்துங்கள். இரண்டு ரவைகூடப் படாமல் அட்டை உட்காரும் இடம் எத்தனை இருக்கிறது? என் துப்பாக்கியில் நான் முதலில் விரும்பி வாங்கிய விலை கூடிய, வேகமான தோட்டா, வட்டத்தின் இடது கீழ்ப்பக்கத்தில் தட்டு அளவுக்கு ஒரு வெற்றிடம் விட்டது. மூன்று தாளிலும் அப்படியே. அதைவிட மலிவான, நிதானமான தோட்டா பரவலாக விழுந்தது. தாளைப் பார்த்திருக்காவிட்டால் பறவை விழாததற்கெல்லாம் என் கையையே குறை சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

நாற்பது கஜத்தில் எண்ணிக்கை குறைந்தால் அந்தத் தோட்டா வீண் என்று பொருளில்லை. முப்பத்தைந்தில், முப்பதில் மறுபடி சுட்டுப் பாருங்கள். எந்தத் தூரத்தில் எண்ணிக்கை தேறுகிறதோ, அதுதான் அந்தத் தோட்டாவோடு நீங்கள் சுடக்கூடிய கடைசித் தூரம். பெட்டி மூடியில் அந்தத் தூரத்தைப் பெரிதாக எழுதி வையுங்கள்.

வயலில்

வானத்தில் தூரம் கண்ணை ஏமாற்றும். பெருவாத்து பெரியது என்பதால் அறுபது கஜத்தில் இருப்பதுகூட நாற்பதில் இருப்பது போலத் தெரியும். பழந்தமிழில் பறவையைப் பிடிக்க வைக்கும் பழக்கிய பறவைக்கு ‘பார்வை’ என்று பெயர். இங்கே பிளாஸ்டிக்கில் செய்த பார்வை வாத்துகளைத் தண்ணீரில் மிதக்க விடுகிறோம். அதில் கடைசி வாத்தைச் சோதனையில் கிடைத்த தூரத்தில் அளந்து வையுங்கள். அதற்கு அப்பால் பறப்பது உங்களுடையது இல்லை. இறக்கையை விரித்து, காலைத் தொங்கவிட்டு, கண் தெரியும் அளவுக்கு வரட்டும்.

பறவை விழுந்து இன்னும் நீந்தினால் உடனே இரண்டாவது தோட்டா. தயங்காதீர்கள். தண்ணீரில் தலை மட்டுமே தெரியும், அதற்கு நெருக்கமான சின்ன ரவைதான் சரி. இதற்கென்றே பையில் நான்கைந்து 6-ஆம் நம்பர் வைத்திருப்பது நல்ல பழக்கம்.

12 கேஜ், 20 கேஜ் இரண்டும் வைத்திருப்பவர்கள் ஒரே பையில் இரண்டு தோட்டாவையும் போடவே கூடாது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் அறைக்குள் வழுக்கிப் போய், குழலின் ஆரம்பத்தில் சிக்கிக்கொள்ளும். அறையைப் பார்த்தால் காலியாகத் தெரியும். அடுத்து 12 கேஜ் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், முன்னங்கை அங்கேதான் பிடித்திருக்கிறது. 20 கேஜ் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருவதற்குக் காரணம் இதுதான். இருட்டில் மஞ்சள் தெரியாது. பையைத் தனியாக வையுங்கள்.

நனைந்த தோட்டாவை அப்படியே பெட்டிக்குள் போடாதீர்கள். ஸ்டீல் ரவை துருப்பிடிக்கும். துரு கூடினால் ரவைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகப் போகும். வீட்டுக்கு வந்ததும் துண்டில் துடைத்துச் செய்தித்தாளில் பரப்பி உலர்த்துங்கள். அடியில் பச்சையோ செம்பழுப்போ படிந்திருந்தால் அதை வேட்டைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

வெட்டும் பலகையில்

தோட்டா சரிதானா என்று கடைசியாகச் சொல்வது பறவைதான். இறகைப் பிடுங்கித் தோலைக் கழுவியதும் ஒவ்வொரு துளையும் தெரியும். கத்தி போடுவதற்கு முன் விரலால் தடவிப் பாருங்கள். ரவை ஒரு பக்கம் நுழைந்து, உடம்பைக் கடந்து, மறுபக்கத் தோலுக்கு அடியில் சின்ன முடிச்சாக நெருடினால் அந்தத் தூரத்துக்கு அந்த ரவை மிகச் சரி. நெஞ்சுத் தசைக்குள் கால் அங்குலத்திலேயே நின்றிருந்தால் ரவை சிறிது, அல்லது தூரம் அதிகம். அப்படி நின்ற ரவை ஒரு கொத்து இறகையும் உள்ளே இழுத்துக்கொண்டு போயிருக்கும். அந்த இடத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். ஸ்டீல் ரவையைக் கண்டுபிடிக்க ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் போதும், கறிமேல் மெதுவாக நகர்த்தினால் இழுக்கும். பிஸ்மத் காந்தத்துக்கு மசியாது, விரலால்தான் தேட வேண்டும். குழந்தைகளுக்குப் பரிமாறுவதற்கு முன் இந்த வேலையை அவசியம் செய்யுங்கள், ஸ்டீல் பல்லை உடைத்துவிடும்.

தேடி எடுத்த ரவைகளை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு எண்ணி, தோட்டாப் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒரு வரி எழுதுவேன். என் மேசையில் இப்போது இருக்கும் பெட்டியில் கடைசி வரி இப்படி: கனடா பெருவாத்து, பிபி, மாடிஃபைடு, 34 கஜம், ஐந்து ரவை, இரண்டு மறுபக்கத் தோலடியில்.